புதுக் கருவியும் பொதுமக்கள் சிரிப்பும்

1878 ஏப்ரல் 1 அன்று நியூயார்க்கின் 'டெய்லி கிராஃபிக்' நாளிதழ், மனிதகுலத்தின் பசியையே ஒழித்துவிடும் இயந்திரம் ஒன்றை எடிசன் கண்டுபிடித்துவிட்டதாகச் செய்தி வெளியிட்டது. காற்றும் தண்ணீரும் சாதாரண மண்ணும் உள்ளே போகும். ரொட்டியும் இறைச்சியும் காய்கறியும் மதுவும் வெளியே வரும். எழுதியவர் வில்லியம் க்ரோஃபட் என்ற பத்திரிகையாளர். முட்டாள்கள் தினத்துக்காக எழுதப்பட்ட பகடி அது. ஆனால் பஃபலோ நகரத்து நாளிதழ் ஒன்று உட்பட வேறு சில பத்திரிகைகள் அதை அப்படியே நம்பிவிட்டன. நம்பியதற்குக் காரணமும் இருந்தது. சில மாதங்களுக்கு முன்புதான் எடிசன் மனிதக் குரலைப் பிடித்துவைத்துத் திரும்பப் பேசும் ஃபோனோகிராஃபைச் செய்து காட்டியிருந்தார். குரலையே பிடித்துவைத்தவரால் மண்ணை ரொட்டியாக்க முடியாதா என்று மக்களுக்குத் தோன்றியது.

அதே ஆண்டின் இறுதியில் லண்டனின் 'பஞ்ச்' இதழ் எடிசனைப் பற்றி ஒரு கேலிச்சித்திரம் வெளியிட்டது. வரைந்தவர் ஜார்ஜ் டு மாரியர். லண்டன் வீடொன்றின் படுக்கையறையில் கணப்புக்கு மேலே அகலமான ஒரு திரை. அதில் இலங்கையில் இருக்கும் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருப்பது தெரிகிறது. தந்தை ஒரு குழாயில் பேச, மகள் அங்கிருந்து பதில் சொல்கிறாள். எடிசன் அப்படி எதையும் செய்திருக்கவில்லை. அவரைச் சுற்றிக் கிளம்பிய செய்திகளைப் பரிகசிக்கவே அந்தப் படம் வரையப்பட்டது. இன்று யாழ்ப்பாணத்துத் தாய் ஒருத்தி டொராண்டோவில் இருக்கும் மகளோடு பேசுவது ஏறக்குறைய அந்தப் படத்தில் உள்ளபடிதான்.

ஒரே கண்டுபிடிப்பாளரைப் பற்றி ஒரே ஆண்டில் இரண்டு கேலிகள். ஒன்று சொன்ன இயந்திரம் இன்றும் இல்லை. மற்றொன்று வரைந்த காட்சி அன்றாட வாழ்வாகிவிட்டது. தொழில்நுட்பச் செய்தியைக் கேட்டுச் சிரிப்பவருக்கு எதைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பது தெரியுமா? நூற்றைம்பது ஆண்டு அனுபவம் இதற்கு ஒரு விடை தருகிறது. பொருளையோ அதன் விலையையோ வேலையையோ தொட்டுப் பார்த்த சிரிப்பு பெரும்பாலும் பிழைபட்டதில்லை. புதியது என்பதற்காகவே சிரித்த சிரிப்பு திரும்பத் திரும்பத் தோற்றிருக்கிறது.

அறிவிப்புக்கும் பொருளுக்கும் நடுவே

நுகர்பொருள் தொழில்நுட்பச் செய்தி மற்றச் செய்திகளைப் போன்றதன்று. வெள்ளம் வந்தால் நிருபர் போய்ப் பார்த்து எழுதுகிறார். புதுக் கைபேசி வருகிறதென்றால் அதைப் பற்றிய முதல் வாக்கியத்தை எழுதுவது அதை விற்கப்போகும் நிறுவனமே. மேடை, விளக்கு, ஒத்திகை பார்த்த செயல்விளக்கம், படங்களோடு கூடிய செய்தி அறிக்கை எல்லாம் அவர்கள் ஏற்பாடு. அறிவித்த நாளுக்கும் பொருள் வாங்கியவர் கைக்கு வரும் நாளுக்கும் இடையே வாரங்களோ மாதங்களோ கடக்கின்றன. அந்த இடைவெளியில்தான் முன்பதிவு நடக்கிறது, பணம் கைமாறுகிறது. சோதித்துப் பார்க்க யாரிடமும் பொருள் இல்லை. வாசகரிடம் இருப்பவை பொது அறிவு, கூட்டல் கழித்தல், முன்பு ஏமாந்த நினைவு ஆகியவை மட்டுமே. இவை மூன்றும் சேர்ந்து வெளிப்படும் வடிவமே எள்ளல்.

தமிழர்களுக்கும் இது பழக்கமானதுதான். 1949இல் வந்த 'நல்லதம்பி' படத்தில் என்.எஸ்.கிருஷ்ணனும் டி.ஏ.மதுரமும் விஞ்ஞானத்தைப் பற்றிப் பாடும் பாட்டில், பொத்தானைத் தட்டினால் இட்டிலியும் காப்பியும் பக்கத்தில் வந்து நிற்கவேண்டும் என்ற ஆசை வருகிறது. விஞ்ஞானத்தை வரவேற்றுக்கொண்டே அதனிடம் நாம் வைக்கும் எதிர்பார்ப்பைச் சிரிக்கச் சிரிக்கக் காட்டிய பாட்டு அது. விஞ்ஞானத்தின் மேல் உள்ள அன்பும் அதன் பேரால் சொல்லப்படுபவற்றின் மேல் உள்ள ஐயமும் ஒரே மனத்தில் இருக்கலாம் என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

நியூட்டன்: கேலி கற்பித்த பாடம்

ஆப்பிள் நிறுவனம் 1993 ஆகஸ்டில் பாஸ்டன் நகரில் நியூட்டன் மெசேஜ்பேட் என்ற கையடக்கக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை 699 டாலர். திரைமேல் எழுதுகோலால் எழுதினால் கையெழுத்தைப் படித்து அச்செழுத்தாக மாற்றிவிடும் என்பதே அதன் பெருமை. ஓராண்டுக்கு மேலாக அதைப் பற்றிய செய்திகள் வந்துகொண்டிருந்தன.

அது வெளிவந்த அதே மாதத்தில் கேரி ட்ரூடோ தமது 'டூன்ஸ்பரி' சித்திரத்தொடரில் அதைக் கையில் எடுத்தார். கதாபாத்திரம் எழுதுவது ஒன்றாகவும் கருவி படிப்பது வேறாகவும் இருந்தது. எளிய ஒரு கேள்வியை அது 'எக் ஃப்ரெக்கிள்ஸ்' என்று பொருளே இல்லாத சொற்றொடராகப் படித்தது. அமெரிக்கா முழுவதும் நாளிதழ் படிப்பவர்களுக்கு நியூட்டன் என்றால் இந்தச் சொற்றொடர்தான் என்று ஆகிவிட்டது. அடுத்த ஆண்டு 'சிம்ப்சன்ஸ்' தொலைக்காட்சித் தொடரும் அதே குறையைக் காட்டியது. மார்ட்டின் என்ற பையனை அடிக்கவேண்டும் என்று குறித்துக்கொள்ள ஒரு முரட்டுப் பையன் எழுதுகிறான். மார்த்தாவைத் தின்னவேண்டும் என்று கருவி படிக்கிறது.

இந்தக் கேலி சரியானது. ஏனென்றால் அது கருவியின் மையமான வாக்குறுதியைத் தொட்டது. கடைக்குப் போய் எழுதிப் பார்த்த யாரும் அதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். ஆப்பிள் பொறியாளர்கள் குறையைச் சரிசெய்யாமலும் இல்லை. 1996க்குள் வந்த இரண்டாம் பதிப்பின் மென்பொருளில், தனித்தனியாக எழுதிய எழுத்துகளைப் படிக்கும் திறன் வெகுவாக முன்னேறியிருந்தது. ஆனால் 1993இல் ஒட்டிய பெயர் போகவில்லை. 1998 பிப்ரவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் நியூட்டனை நிறுத்தினார். கேலியால் மட்டுமே அது அழிந்தது என்று சொல்ல முடியாது. விலையும், பாம் பைலட் என்ற எளிய போட்டிக் கருவியும் காரணங்கள்.

கேலி அத்தோடு முடிந்துவிடவில்லை. பல ஆண்டுகள் கழித்து ஐபோனுக்கான விசைப்பலகையை ஆப்பிளுக்குள் உருவாக்கியவர்கள் அந்த சிம்ப்சன்ஸ் காட்சியைத் தங்களுக்குள் நினைவூட்டிக்கொண்டே வேலை செய்ததாக, அங்கே பணியாற்றிய நிதின் கணாத்ரா பின்னர் கூறியிருக்கிறார். தட்டச்சு சரியாக அமையாவிட்டால் மறுபடி மார்த்தாதான் என்பது அவர்களுக்கு எச்சரிக்கை. ஊரார் சிரித்த சிரிப்பு, பத்தாண்டு கழித்து ஒரு பொறியாளரின் மேசைக்குப் போய்ச் சேர்ந்து பொருளைத் திருத்தியது.

பழக்கத்தின் சிரிப்பு

2007 ஜனவரி 9 அன்று ஐபோன் அறிவிக்கப்பட்டது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் அன்றைய தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் பால்மர் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் அதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார். அவர் இரண்டு காரணங்கள் சொன்னார். ஒன்று, ஒப்பந்தத்தோடு சேர்த்தும் 500 டாலர் என்பது உலகிலேயே விலை மிகுந்த கைபேசி. இரண்டு, விசைப்பலகை இல்லாததால் மின்னஞ்சல் எழுத உதவாது, அலுவலகக்காரர்கள் வாங்கமாட்டார்கள்.

அந்தச் சிரிப்பை இன்று எல்லோரும் அறியாமைக்கு உதாரணமாகக் காட்டுகிறார்கள். அது நியாயமில்லை. விலையைப் பற்றிய பாதி சரியாகவே இருந்தது. விற்பனை தொடங்கிய இரண்டரை மாதத்துக்குள் ஆப்பிள் 599 டாலர் கருவியின் விலையை 399ஆகக் குறைத்தது; முதலில் வாங்கியவர்கள் கொதித்ததும், தன் கடைகளில் பொருள் வாங்கிக்கொள்ள 100 டாலர் வரவு கொடுத்தது. விலையை மாதக் கட்டணத்துக்குள் கரைத்துவிடும் வழியைத் தாம் யோசிக்கவில்லை என்று பால்மரே 2016இல் ஒரு பேட்டியில் ஒப்புக்கொண்டார். தோற்றது விசைப்பலகையைப் பற்றிய பாதி. அதில் அவர் கருவியைச் சோதிக்கவில்லை. தம் விரல்களின் பழக்கத்தை எல்லோருடைய தேவையாகவும் எடுத்துக்கொண்டார்.

2010 ஜனவரியில் ஐபேட் வந்தபோது எழுந்த சிரிப்பு இன்னும் மேலோட்டமானது. அந்தப் பெயர் மாதவிலக்கு அணையாடையை நினைவூட்டுகிறது என்பதே பெரும்பாலான கேலிகளின் சாரம். கருவி என்ன செய்யும், யாருக்கு உதவும் என்று அந்தக் கேலிகள் எதுவும் சொல்லவில்லை. அமெரிக்காவில் விற்பனை தொடங்கிய முதல் நாளில் 3 லட்சம், 28 நாளில் 10 லட்சம் கருவிகள் விற்றன. கேலியும் மறைந்துபோயிற்று. பொருளைத் தொடாத கேலிக்கு ஆயுள் குறைவு.

கையால் பிழிந்த உண்மை

பொருளைத் தொட்ட கேலிக்கு ஜூசெரோ ஆகச் சிறந்த எடுத்துக்காட்டு. டக் எவன்ஸ் என்பவர் சான்ஃபிரான்சிஸ்கோவில் நடத்திய நிறுவனம் அது. கூகுள் வென்ச்சர்ஸ், க்ளைனர் பெர்க்கின்ஸ் போன்ற பெரிய முதலீட்டாளர்கள் சுமார் 12 கோடி டாலர் போட்டிருந்தார்கள். 2016இல் அதன் பழச்சாறு இயந்திரம் 699 டாலருக்கு வந்தது. பின்னர் 399 ஆயிற்று. நறுக்கிய பழமும் காயும் அடைத்த பைகளை அந்த நிறுவனமே விற்றது. ஒரு பை 5 முதல் 8 டாலர். பையின் மேல் உள்ள கியூஆர் குறியீட்டை இயந்திரம் படிக்கும், இணையத்தில் சரிபார்க்கும், காலாவதியான பையைப் பிழிய மறுத்துவிடும். அழுத்தும் விசை பல டன் என்றார்கள்.

2017 ஏப்ரலில் ப்ளூம்பெர்க் செய்தி நிறுவனத்தின் நிருபர்கள் இரண்டு பேர் ஒரு பையை எடுத்துக் கையால் பிழிந்தார்கள். ஒன்றரை நிமிடத்தில் ஏழரை அவுன்ஸ் சாறு வந்தது. இயந்திரத்தில் வைத்தபோது இரண்டு நிமிடத்தில் எட்டு அவுன்ஸ். அரை அவுன்ஸ் வித்தியாசத்துக்கு 400 டாலர். உள்ளே இருந்தவை முன்பே நறுக்கிய துண்டுகள் என்பதால் டன் கணக்கான விசைக்கு அங்கே வேலையே இல்லை. பென் ஐன்ஸ்டைன் என்ற வடிவமைப்பு வல்லுநர் இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்து, அதற்கென்றே தனியாகச் செய்த உறுதியான பாகங்கள் ஏராளம் இருப்பதைக் காட்டினார். கட்டுமானத்தில் குறையே இல்லை. செய்ய வேண்டிய தேவை இல்லாத வேலைக்காக அவ்வளவு உழைப்பும் செலவாகியிருந்தது.

உலகம் சிரித்தது. நிறுவனம் 30 நாள்களுக்குள் யாரும் பணத்தைத் திரும்பப் பெறலாம் என்று அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் மூடப்பட்டது. 12 கோடி டாலர் முதலீட்டைப் பற்றி எழுதப்பட்ட செய்திகளில் இல்லாத ஒன்று அந்தச் சோதனையில் இருந்தது. இயந்திரம் இல்லாமல் இதே வேலை நடக்குமா என்று அந்த நிருபர்கள் கேட்டார்கள். கேட்டதோடு நிற்காமல் கையைப் பயன்படுத்திப் பார்த்தார்கள்.

பெருமிதம் கேள்வியை அடக்கும்போது

நம் நாட்டில் 2016 பிப்ரவரி 17 அன்று நொய்டாவைச் சேர்ந்த ரிங்கிங் பெல்ஸ் நிறுவனம் ஃப்ரீடம் 251 என்ற ஆண்ட்ராய்டு கைபேசியை அறிமுகம் செய்தது. விலை 251 ரூபாய். அனுப்பும் செலவு 40 ரூபாய். நான்கு அங்குலத் திரை, 1 ஜிபி நினைவகம், 8 ஜிபி சேமிப்பு, இரண்டு கேமரா. மேக் இன் இந்தியா திட்டத்தின் பெயர் விளம்பரத்தில் இருந்தது. மறுநாள் காலை ஆறு மணிக்கு முன்பதிவு தொடங்கியதும் இணையதளம் நிலைகுலைந்தது. கோடிக்கணக்கானவர்கள் பதிவு செய்ததாக நிறுவனம் கூறியது.

செய்தியாளர்களுக்குக் கொடுத்த மாதிரிக் கைபேசிகளில்தான் உண்மை இருந்தது. முன்புறம் திரைக்கு மேலே ஒயிட்னர் பூசியிருந்தது. அதைச் சுரண்டியவர்கள் அடியில் ஆட்காம் என்ற வேறொரு நிறுவனத்தின் பெயரைக் கண்டார்கள். பின்புறமும் அந்தப் பெயரை ஒட்டுத்தாள் மறைத்திருந்தது. ஆட்காம் அந்தக் கைபேசியைச் சில ஆயிரம் ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்தது. செயலிகளின் சின்னங்கள் ஐபோனில் உள்ளவற்றின் நகல். எழுத்துப் பிழையை அழிக்கும் ஒயிட்னரால் ஒரு நிறுவனத்தின் பெயரை அழித்திருந்த அந்தப் படம் நாடெங்கும் பரவியது. அப்படிப்பட்ட பொருளைச் செய்ய இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும் என்று கைபேசித் தொழில் சங்கமும் அரசுக்கு எழுதியது. வந்த பணத்தைத் திருப்பித் தந்துவிட்டதாக நிறுவனம் அறிவித்தது. 2017 பிப்ரவரியில், பணம் தரவில்லை என்று ஒரு விநியோகஸ்தர் கொடுத்த புகாரில் அதன் நிர்வாக இயக்குநர் கைதானார்.

திரை, மின்கலம், சில்லு ஆகியவற்றின் சந்தை விலையைக் கூட்டினால் 251 ரூபாய்க்குள் அடங்காது என்பது எந்தக் கைபேசிப் பழுதுபார்ப்புக் கடைக்காரருக்கும் தெரியும். அப்படியிருந்தும் முன்பதிவு நடந்ததற்குக் காரணம் ஏழ்மை மட்டுமன்று. நாட்டுப் பெருமையும் அதில் கலந்திருந்தது. சந்தேகப்படுவது நாட்டைச் சந்தேகப்படுவதாகத் தோன்றியது.

2016 நவம்பரில், அப்போது வந்த புதிய 2000 ரூபாய் நோட்டில் நானோ ஜிபிஎஸ் சில்லு இருக்கிறது, 120 மீட்டர் ஆழத்தில் புதைத்தாலும் செயற்கைக்கோளுக்குத் தெரிந்துவிடும் என்று சில தொலைக்காட்சிகளே அறிவித்தன. ஜிபிஎஸ் என்பது இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் சமிக்ஞையைப் பெறும் கருவி. தன் இருப்பிடத்தை வேறிடத்துக்குச் சொல்ல அதற்கு அலைபரப்பியும் மின்சாரமும் வேண்டும். தாளுக்குள் மின்கலம் எங்கே என்ற ஒரு கேள்வி போதும். ரிசர்வ் வங்கி மறுத்தது. சமூக ஊடகங்களில் கேலி பேசியவர்கள் இந்த ஒரு விஷயத்தில் செய்தி வாசித்தவர்களைவிடச் சரியாக இருந்தார்கள்.

தமிழகத்தின் நினைவு இன்னும் கசப்பானது. 1996இல் இராஜபாளையம் பக்கத்து இராமர் பிள்ளை, தண்ணீரிலும் மூலிகையிலும் பெட்ரோல் எடுப்பதாகச் சொன்னபோது பத்திரிகைகள் கொண்டாடின. ஐயம் கிளப்பிய அறிவியலாளர்களைத் தமிழனின் திறமையைப் பொறுக்காதவர்கள் என்று சாடியவர்கள் உண்டு. விற்றது நாப்தா, டொலுவீன் போன்றவற்றின் கலவை என்று சி.பி.ஐ. வழக்குத் தொடர்ந்தது. 2016 அக்டோபரில் சென்னை நீதிமன்றம் மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. சிரிக்கவேண்டிய நேரத்தில் சிரிக்கவிடாமல் செய்தது இனப்பற்று. நம் இனத்தின் மேல் உண்மையான பற்றுள்ளவர்கள்தாம் முதலில் கேட்டிருக்க வேண்டும்: எரிவதற்கான ஆற்றல் எங்கிருந்து வருகிறது?

சிரிப்பு கொல்கிறதா?

இதற்கு எதிரான வாதம் ஒன்று உண்டு. முயற்சி செய்பவரைச் சிரித்தே வீழ்த்திவிடுகிறீர்கள். முதல் பதிப்பு எதுவும் செம்மையாக இருந்ததில்லை என்கிறார்கள். 2024இல் ஹியூமேன் நிறுவனத்தின் ஏஐ பின் என்ற கருவியைச் சுற்றி இந்த வாதம் கடுமையாக நடந்தது. சட்டையில் பொருத்திக்கொண்டு பேசினால் பதில் சொல்லும் கருவி அது. உள்ளங்கையில் ஒளியால் எழுதியும் காட்டும். 699 டாலர், மாதம் 24 டாலர் தனி. யூடியூபில் புகழ்பெற்ற விமர்சகர் மார்க்கஸ் பிரவுன்லீ, தாம் இதுவரை மதிப்பிட்டவற்றில் ஆக மோசமானது என்று தலைப்பிட்டபோது, ஒரு நிறுவனத்தை அழிக்கும் உரிமை அவருக்கு யார் தந்தது என்று சிலர் கேட்டார்கள்.

அதற்கு ஐந்து மாதம் முன்பே, 2023 நவம்பரில், நிறுவனம் தானே வெளியிட்ட அறிமுகக் காணொளியில் அந்தக் கருவி இரண்டு தவறுகள் செய்திருந்தது. 2024 ஏப்ரல் சூரிய கிரகணத்தைப் பார்க்கச் சிறந்த இடம் எது என்ற கேள்விக்கு ஆஸ்திரேலியாவைச் சொன்னது. அந்த முழுக் கிரகணம் தெரிந்தது மெக்சிகோ, அமெரிக்கா, கனடாவில். ஒரு கைப்பிடி பாதாமில் உள்ள புரதத்தின் அளவையும் மிகையாகச் சொன்னது. பார்த்தவர்கள் உடனே கண்டுபிடித்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டுக் காத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். 2025 பிப்ரவரியில் நிறுவனத்தின் சொத்துகளை எச்பி 11.6 கோடி டாலருக்கு வாங்கியது. அந்த மாத இறுதியில் வழங்கிகள் நிறுத்தப்பட்டன. கருவிகள் பயனற்றுப் போயின. அண்மையில் வாங்கியவர்களைத் தவிர மற்றவர்களுக்குப் பணம் திரும்பவில்லை. முதலீட்டாளருக்கு ஓரளவாவது மிஞ்சியது. வாங்கியவருக்கு மிஞ்சியது சட்டையில் மாட்டும் வெறும் கட்டி. கேலி யாரைக் காக்கிறது என்பது இங்கே தெளிவாகத் தெரிகிறது.

நல்ல கருத்தைக் கேலி அழிப்பதில்லை. கூகுள் கிளாஸ் என்ற 1500 டாலர் கேமராக் கண்ணாடியைச் சியாட்டில் மதுக்கூடம் ஒன்று 2013இல் தடை செய்தது. தொலைக்காட்சி நகைச்சுவையாளர்கள் பரிகசித்தார்கள். 2015 ஜனவரியில் பொது விற்பனை நின்றது. அணிந்தவரின் தோற்றத்தைப் பற்றிய கேலிகள் மங்கிவிட்டன. எதிரே இருப்பவரை அவர் அறியாமல் படம் பிடிக்கிறது என்ற கேலி மட்டும் நிலைத்தது. பின்னர் வந்த ரேபான் கேமராக் கண்ணாடியில், பதிவு நடக்கும்போது எரியும் சிறு விளக்கு வைக்கவேண்டியதாயிற்று. அந்த விளக்கு போதுமா என்பது இன்னும் தீராத விவாதம். ஆனாலும் கேலி எழுப்பிய கேள்விக்கு அது ஒரு பதில்.

வாசகருக்கு

நல்ல எள்ளல் நான்கு கேள்விகளில் ஒன்றையாவது கேட்கிறது. சொன்ன விலைக்குள் பாகங்களின் விலை அடங்குமா? இந்தக் கருவி இல்லாமல் இதே வேலை நடக்காதா? நான் அறியாமல் யாருடைய விவரத்தை இது எடுத்துக்கொள்கிறது? நிறுவனம் நாளை மூடினால் என் கையில் இருப்பது வேலை செய்யுமா? பெயரையும் தோற்றத்தையும் செய்தவரின் ஊரையும் பார்த்து எழும் சிரிப்பில் இவற்றில் ஒன்றும் இல்லை.

தமிழ்ப் பத்திரிகைகளின் தொழில்நுட்பப் பக்கங்களில் நிறுவனங்களின் செய்தி அறிக்கையை மொழிபெயர்த்து இடுவதே இன்று வழக்கமாக இருக்கிறது. அந்தப் பக்கங்களில் இந்த நான்கு கேள்விகளுக்கும் இடம் ஒதுக்குங்கள் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். முன்பதிவுப் பொத்தானில் விரல் வைப்பதற்கு முன் அவற்றை நீங்களே கேட்டுப் பாருங்கள். பதில் கிடைக்காவிட்டால் பணத்தைக் கொடுக்காதீர்கள்.